கை தாக் 13: மலையைப் பார்த்து ஓட்டி, ஓடுபாதையில் இறங்குவது எப்படி?

வீட்டுக் கணினியில் விமான சிமுலேட்டர் ஓட்டப் பழகி, சுபாங்கிலோ பினாங்கிலோ நேராக வந்து இறங்கத் தெரிந்துவிட்டதா? அடுத்தது என்ன என்று கேட்பவர்களுக்கு நான் கைகாட்டுவது ஹாங்காங்கின் பழைய விமான நிலையமான கை தாக். 1998 ஜூலை 6-இல் மூடிவிட்டார்கள். ஆனால் அதன் 13-ஆம் ஓடுபாதையை இன்றும் உலகமெங்கும் படுக்கையறைகளில் உட்கார்ந்து இறக்கிப் பார்க்கிறார்கள்.

காரணம் அதன் இருப்பிடம். ஓடுபாதை 3,390 மீட்டர் நீளம். கடலுக்குள் நீட்டிக் கட்டியது. வடமேற்கிலிருந்து நேராக வந்து இறங்கலாம் என்றால் அங்கே லயன் ராக் போன்ற மலைகள் மறிக்கின்றன. அதனால் விமானங்கள் மேற்கிலிருந்து, கவுலூன் நகரத்தின் மாடிவீடுகளுக்கு மேலாக, ஒரு சின்ன மலையை நோக்கியே இறங்கி வரும். அந்த மலையில் ஆரஞ்சும் வெள்ளையுமாகச் சதுரங்கக் கட்டம் அடித்திருப்பார்கள். அதைப் பார்த்ததும் விமானி கையால் வலப்பக்கம் 47 டிகிரி திருப்பி, ஓடுபாதையில் போய் உட்கார வேண்டும்.

மேசையில் என்ன வேண்டும்

விலை உயர்ந்த செட் தேவையில்லை. முறுக்கினால் சுக்கானும் திரும்புகிற சாதாரண ஜாய்ஸ்டிக் ஒன்று போதும். விசைப்பலகையில் மட்டும் இதைச் செய்யலாமா என்றால், செய்யலாம், ஆனால் எரிச்சல்தான் மிஞ்சும். ஜாய்ஸ்டிக்கின் தலையில் இருக்கும் சின்னக் குமிழை ‘வலப்பக்கம் பார்’ என்று கட்டாயம் அமைத்து வையுங்கள். கடைசி ஒரு நிமிடம் முழுக்க நீங்கள் வலப்பக்கக் கண்ணாடி வழியாகத்தான் பார்க்கப்போகிறீர்கள்.

சுங்கை சிப்புட் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொன்று: மத்தியானத்துக்கு மேல் வானம் கறுத்தால் விளையாட்டை நிறுத்தி, கணினி, மோடம் இரண்டின் பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். எங்கள் தாமானில் ஒரு பெரிய இடிக்குப் பிறகு மோடம் மாற்றாத வீடு குறைவு.

ஈப்போவில் ஒத்திகை

நேரே ஹாங்காங்குக்குப் போகாதீர்கள். நம் பக்கத்து ஈப்போவிலேயே இதே திருப்பத்தைப் போட்டுப் பழகலாம். ஓடுபாதை 04-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதன் திசை ஏறக்குறைய 040. செஸ்னா 172 என்ற சின்ன விமானத்தை பத்து காஜாவுக்குச் சற்றுக் கிழக்கே, 1,500 அடியில் வானத்திலேயே தொடங்குங்கள். திசை 355, வேகம் 75 நாட் (மணிக்கு 75 கடல் மைல்). ஓடுபாதை உங்களுக்கு முன்னால், வலப்பக்கமாகத் தெரியும்.

கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, உயரமானி 750 அடி காட்டும்போது வலப்பக்கம் திரும்பத் தொடங்குங்கள். அந்த விமான நிலையமே கடல்மட்டத்துக்கு மேல் 130 அடி வாக்கில் இருப்பதால், தரையிலிருந்து நீங்கள் 600 அடி சொச்சம் உயரத்தில் இருப்பீர்கள். 45 டிகிரி திரும்பினால் ஓடுபாதை நேரே வர வேண்டும். முதலில் வராது. ஓடுபாதையைக் கடந்து இடப்பக்கம் போய்விட்டால் தாமதமாகத் திரும்பினீர்கள் என்று பொருள். எட்டுவதற்கு முன்பே விமானம் நேராகிவிட்டால் அவசரப்பட்டீர்கள். கண்ணுக்கு அந்தக் கணக்குப் பிடிபடும் வரை ஈப்போவை விடாதீர்கள். ஈப்போவைச் சுற்றிச் சுண்ணாம்புக் குன்றுகள் உண்டு, அவற்றின் மேலும் ஒரு கண் இருக்கட்டும்.

கை தாக்கைக் கொண்டுவருவது

இப்போதைய சிமுலேட்டர்களில் மூடிய விமான நிலையம் தானாக இருக்காது. கூடுதல் தொகுப்பாகத் தனியே போட்டுக்கொள்ள வேண்டும். இலவசமாகவும் உண்டு, காசுக்கும் உண்டு. தேடும்போது வி.எச்.எச்.எக்ஸ் (VHHX) என்ற குறியீட்டைப் போடுங்கள். பழைய வி.எச்.எச்.எச் இப்போது செக் லப் கோக்கில் உள்ள புதிய விமான நிலையத்துக்குப் போய்விட்டது.

வானிலையை நேரலையில் விடாமல் ‘தெளிந்த வானம், காற்று இல்லை’ என்று வையுங்கள். நேரத்தைப் பிற்பகல் 3 மணியாக்குங்கள். கிழக்கு நோக்கி வருவதால், காலை நேரம் வைத்தால் வெயில் நேராகக் கண்ணில் அடித்து மலைக்கட்டமே தெரியாமல் போகும்.

மலையை நோக்கி

ஈப்போவில் செஸ்னாவை ஓட்டியவர்கள் இங்கே ஏ320 பயணிகள் விமானத்தை எடுக்கலாம். முதல் தடவைக்கும் செஸ்னாவே போதும் என்றால் அதுவும் சரிதான். எண்கள் மட்டும் மாறும்.

இங்கே விமானத்தை வழிநடத்திய கருவிக்கு ஐ.ஜி.எஸ். என்று பெயர். 1974-இல் வந்தது. பார்ப்பதற்கு மற்ற விமான நிலையங்களில் உள்ள வழக்கமான வழிகாட்டிக் கருவியான ஐ.எல்.எஸ். மாதிரியே இருக்கும், அதே ஊசி, அதே சரிவு. ஆனால் ஐ.எல்.எஸ். ஓடுபாதையில் கொண்டுபோய் விடும், இது மலையில் கொண்டுபோய் விடும். உங்கள் தொகுப்பில் அந்த அலைவரிசை வேலை செய்தால் 111.9 போட்டு, திசை 088 வையுங்கள். வேலை செய்யாவிட்டாலும் கவலையில்லை. மேற்கே கடலுக்கு மேல் 4,500 அடியில் தொடங்கி, திசைக் குறியை 088-இல் வைத்துவிட்டு, இந்த இரண்டு எண்களை ஒரு தாளில் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டுங்கள்: திரும்பும் இடத்துக்கு 6 கடல் மைல் முன்னால் 2,600 அடி, 3 கடல் மைல் முன்னால் 1,650 அடி. சரிவு 3 டிகிரிக்குச் சற்றே கூடுதல் என்பதால் ஒரு கடல் மைலுக்கு 330 அடி இறங்குகிறீர்கள்.

சக்கரத்தை 2,500 அடிக்கு முன்பே இறக்கிவிடுங்கள். ஃப்ளாப் (இறக்கையின் பின்னால் இறங்கும் மடல்) முழுவதும் 1,500 அடிக்குள் வந்துவிட வேண்டும். ஏ320-க்கு வேகம் 135 முதல் 140 நாட். இறங்கும் விகிதம் நிமிடத்துக்கு 740 முதல் 770 அடி. இவையெல்லாம் மலை தெரிவதற்கு முன்பே அடங்கிவிட வேண்டும் என்பதுதான் இந்த இறக்கத்தின் முழு ரகசியம். திருப்பத்தில் சொதப்புகிறவர்களில் பெரும்பாலோர் உண்மையில் சொதப்பியது ஐந்து மைலுக்கு முன்னால், வேகம் 160-இல் இருந்தபோது. 1,000 அடியில் ஆட்டோபைலட்டை எடுத்துவிடுங்கள். த்ராட்டிலை (என்ஜின் விசையை) மட்டும் விமானமே பார்த்துக்கொள்ளட்டும். தொடக்கத்தில் அதில் வெட்கம் வேண்டாம்.

படிவம் 4 படிக்கும் பக்கத்து வீட்டுப் பையன் என் மேசையில் உட்கார்ந்து முதன்முதலில் இதை ஓட்டியபோது, எல்லாரும் கேட்பதையே கேட்டான்.

“அண்ணே, ஓடுபாதையே தெரியலையே?”

“இப்போ தெரியாது தம்பி. அதைத் தேடாதே. கட்டம் போட்ட மலையை மட்டும் பார்.”

திருப்பம்

நிஜ விமானிகள் ஏறக்குறைய 650 அடியில் இந்தத் திருப்பத்துக்குள் நுழைந்து, 140 அடியில் வெளியே வந்தார்கள். இடையில் 510 அடி. நிமிடத்துக்கு 700 அடி வீதம் இறங்கினால் உங்கள் கையில் இருப்பது 44 வினாடிதான். அவசரப்பட்டு வெட்டித் திருப்ப வேண்டியதில்லை, அசட்டையாக இருக்கவும் நேரமில்லை.

கட்டம் கண்ணாடியில் தெளிவாகப் பெரிதாகி வரும்போது வலப்பக்கம் 15 டிகிரி சாயுங்கள். 140 நாட் வேகத்தில் இந்தச் சாய்வுக்கு விமானம் வினாடிக்கு ஏறக்குறைய 2 டிகிரி திரும்பும். இப்போது குமிழைத் தட்டி வலப்பக்கம் பாருங்கள்: மாடிக் கட்டடங்களுக்கு அப்பால் ஓடுபாதை நீளவாக்கில் சுழன்று வரும். தரையில் வரிசையாக வைத்த வழிகாட்டி விளக்குகளும் அதே வளைவைக் காட்டும். அப்புறம் உங்கள் கண் மூன்று இடங்களில் மட்டும் மாறி மாறிப் போக வேண்டும்: ஓடுபாதை, வேகம், இறங்கும் விகிதம்.

சாய்ந்திருக்கும்போது மூக்கு தானாகத் தாழும். கொஞ்சமாகப் பின்னால் இழுத்துப் பிடியுங்கள். நிறைய இழுத்தால் உயரம் தங்கிப்போகும், திருப்பம் முடியும்போது ஓடுபாதைக்கு மேலே மிதந்துகொண்டிருப்பீர்கள். ஓடுபாதையைத் தாண்டிவிடுவோமோ என்று தோன்றினால் சாய்வை 20, மிஞ்சிப்போனால் 25 வரை கூட்டலாம். அதற்குமேல் தேவைப்படுகிறது என்றால் அந்த இறக்கத்தைக் கைவிட்டு மேலே போங்கள்.

திசை 125-ஐ எட்டும்போதே சாய்வைக் குறைக்கத் தொடங்குங்கள். 136-இல் இறகுகள் மட்டமாக இருக்க வேண்டும்.

மேலே போவது

650 அடியில் மலைக்கட்டம் தெரியவில்லையா? 300 அடியில் இன்னும் கோணலாக இருக்கிறீர்களா? த்ராட்டிலை முழுக்கத் தள்ளி, மூக்கைத் தூக்கி, ஃப்ளாப்பை ஒரு படி குறைத்து, சக்கரத்தை ஏற்றுங்கள். வலப்பக்கம், கடல் பக்கமாகவே திரும்புங்கள். நேரே ஏறலாம் என்று நினைத்தால் எதிரே மலை நிற்கிறது. இதைத் தனியாகவே பழகிவைப்பது நல்லது. பாதிப்பேர் இதைச் செய்வதே இல்லை. எப்படியாவது உட்கார்த்திவிடலாம் என்று 200 அடியில் பாம்பு மாதிரி நெளிவார்கள்.

தொட்ட பிறகு, காற்று

ஓடுபாதை நீளம்தான் என்றாலும் முன்பகுதியிலேயே தொட வேண்டும். 1993 நவம்பர் 4-இல், புயல் காற்றில் தாமதமாகத் தொட்ட ஒரு 747-400 நிற்காமல் ஓடிக் கடலுக்குள் இறங்கியது. எல்லாரும் உயிர் பிழைத்தார்கள். தொட்டவுடன் ரிவர்ஸ் (என்ஜின் விசையை முன்பக்கமாகத் திருப்புவது), பிரேக். ஓடுபாதையின் மூன்று பக்கமும் தண்ணீர் என்பது நினைவில் இருக்கட்டும்.

காற்றில்லாமல் ஒழுங்காக இறங்க வந்த பிறகு, 230 டிகிரியிலிருந்து 10 நாட் காற்று வையுங்கள். தென்மேற்குக் காற்று வரும் வழியில் முதுகில் தள்ளும், திருப்பத்தில் ஓடுபாதைக்கு இடப்பக்கமாகத் தூக்கிக்கொண்டு போகும். அதனால் காற்றில்லாத நாளைவிடச் சற்று முன்பே சாய வேண்டும்; திருப்பம் முடிந்ததும் மூக்கை ஓடுபாதைக்குக் கொஞ்சம் வலப்பக்கம் வைத்துக்கொண்டு நண்டு நடையில் இறங்கி, தொடுவதற்குச் சற்று முன் சுக்கானால் நேராக்குங்கள். 10 நாட் பழகினால் 15. அடுத்து 050 டிகிரியிலிருந்து அடிக்கவிடுங்கள். அப்போது முன்பே சாய்ந்தவர்கள் எல்லாம் ஓடுபாதைக்கு எட்டாமல் வலப்பக்கம் நிற்பார்கள்.