ஈரானியர்களைப் பற்றிப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஈரானில் ஏதாவது நடந்தால் போதும், நம் வாட்ஸாப் குழுக்களில் ஒரு படம் சுற்ற ஆரம்பித்துவிடும். ஒரு பக்கம் 1970-களின் டெஹ்ரானில் குட்டைப் பாவாடையோடு சிரித்துக்கொண்டு நடக்கும் கல்லூரிப் பெண்கள், இன்னொரு பக்கம் தலை முதல் கால் வரை கறுப்புத் துணியால் மூடிய பெண்கள், கீழே "அன்றும் இன்றும்" என்று எழுதியிருக்கும். இந்த ஒரு படத்தை வைத்து ஈரானைப் புரிந்துகொண்டதாக நினைப்பதுதான் முதல் தவறு. என்னைக் கேட்டால் பெரிய தவறும் அதுதான்.

படம் பொய்யில்லை. அப்படி உடுத்திய பெண்கள் இருந்தார்கள், ஆனால் பெரும்பாலும் வசதியான வடக்கு டெஹ்ரானிலும் பல்கலைக்கழக வளாகங்களிலும். அதே வருடத்தில் தெற்கு டெஹ்ரானிலோ மத நகரமான கோமிலோ கேமராவைத் திருப்பியிருந்தால் உடலை மூடும் சாதர் என்ற பெரிய துணியைப் போர்த்திய பெண்கள்தான் தெரிந்திருப்பார்கள். 1976 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எழுதப் படிக்கத் தெரிந்த பெண்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். மன்னர் ஷாவின் ஆட்சியில் 1963-இல் பெண்களுக்கு ஓட்டுரிமை வந்தது, 1967-இல் விவாகரத்து விஷயத்தில் பெண்களுக்குச் சாதகமான சட்டம் வந்தது, இதையெல்லாம் இல்லையென்று சொல்ல வேண்டியதில்லை. அதே ஆட்சியில்தான் சாவாக் என்ற ரகசியப் போலீஸ் எதிர்த்துப் பேசியவர்களைப் பிடித்துப்போய்ச் சித்திரவதை செய்தது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான், 1979-இல் அவரைக் கவிழ்த்த புரட்சியில் அத்தனை லட்சம் பேர் ஏன் தெருவுக்கு வந்தார்கள் என்பது புரியும். வந்தவர்கள் மதகுருமார்களின் ஆட்கள் மட்டும் இல்லை. இடதுசாரிகள், தேசியவாதிகள், மாணவர்கள், எண்ணெய்த் தொழிலாளர்கள், பஜார் வியாபாரிகள் எல்லாரும் இருந்தார்கள்.

இன்னும் கொஞ்சம் பின்னால் போகலாம். 1936-இல் அந்த ஷாவின் தந்தை ரெசா ஷா, பெண்கள் சாதர் போடவே கூடாது என்று உத்தரவு போட்டார். தெருவில் போலீஸ்காரர்கள் பெண்களின் தலைத்துணியைப் பிடித்து இழுத்தார்கள். பல பெண்கள் அந்த அவமானத்துக்குப் பயந்து வீட்டைவிட்டே வெளியே வரவில்லை. 1979 மார்ச்சில், பெண்கள் ஹிஜாபோடுதான் அரசு அலுவலகத்துக்கு வர வேண்டும் என்று புரட்சியின் தலைவரான மதகுரு கோமெய்னி சொன்னதும், மார்ச் 8 அன்று டெஹ்ரானில் ஆயிரக்கணக்கான பெண்கள் ஊர்வலம் போனார்கள். புரட்சி ஜெயித்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஷாவை எதிர்த்துக் கோஷம் போட்ட பெண்களும் அந்த ஊர்வலத்தில் இருந்தார்கள். அப்புறம் 1983-இல், தலையை மூடாமல் வந்தால் கசையடி என்று சட்டமே வந்துவிட்டது. ஒரு பாட்டியின் தலைத்துணியைப் போலீஸ் உருவியது, அவள் பேத்தியைத் துணி போடச் சொல்லி இன்னொரு போலீஸ் வேனில் ஏற்றியது. இந்த வரலாற்றைத்தான் "அன்றும் இன்றும்" படம் மறைத்துவிடுகிறது.

இங்கே ஒரு சொல்லையும் கவனிக்க வேண்டும். நாம் எல்லாவற்றையும் "பர்தா" என்கிறோம். அது பாரசீகத்திலிருந்து வந்த சொல்தான், ஆனால் ஈரானில் "பர்தே" என்றால் ஜன்னல் திரைச்சீலை. உடலை மூடும் பெரிய துணி சாதர், தலையில் கட்டுவது ரூசரி, மேலே அணியும் நீண்ட அங்கி மான்தோ, பள்ளியிலும் அலுவலகத்திலும் போடும் முக்காடு மக்னஏ. ஒரு பெண் இதில் எதை, எப்படி அணிகிறாள் என்பதை வைத்தே அவள் குடும்பம், வேலை, சில சமயம் அரசியல்கூட அங்கே இருப்பவர்களுக்குத் தெரிந்துவிடும். 2022-க்குப் பிறகு டெஹ்ரான் தெருவில் தலையில் எதுவுமே அணியாமல் நடக்கும் பெண்களும் சாதாரணமாகிவிட்டார்கள், அதற்குக் கொடுத்த விலை மிகப் பெரியது.

அந்த 2022 பற்றிப் பேசும்போதும் ஒரு தவறு நடக்கிறது. பெண்களின் உடையைக் கண்காணிக்கும் அறநெறிப் போலீஸ் காவலில் செப்டம்பர் 16 அன்று இறந்துபோன 22 வயதுப் பெண்ணை உலகம் மஹ்சா அமினி என்று அழைத்தது. வீட்டில் அவள் ஜினா. சக்கேஸ் ஊரைச் சேர்ந்த குர்து இனப் பெண். அவள் சாவுக்குப் பிறகு வெடித்த போராட்டத்தின் "பெண், வாழ்க்கை, விடுதலை" என்ற முழக்கம்கூடக் குர்து மொழியில்தான் பிறந்தது, பிறகுதான் "ஜன், ஜெந்தெகி, ஆஜாதி" என்று பாரசீகத்துக்கு வந்தது. அந்தப் போராட்டத்தை வெறும் முக்காட்டுப் போராட்டம் என்று சுருக்கினால், சிறுபான்மை மக்கள் பல வருடமாகச் சுமக்கும் வலி காணாமல் போய்விடுகிறது.

ஈரானியர்களை அரேபியர்கள் என்று சொல்வது இன்னொரு தவறு, இதற்கு அவர்கள் உண்மையிலேயே வருத்தப்படுவார்கள். பாரசீகம் அரபு எழுத்தில் எழுதப்படுகிறது, அவ்வளவுதான். ப, ச, ஜ, க சாயலில் ஒலிக்கும் நான்கு எழுத்துகளைக் கூடுதலாகச் சேர்த்துக்கொண்ட, முற்றிலும் வேறு குடும்பத்து மொழி அது. அதற்காக எல்லாரையும் பாரசீகர் என்று சொல்லிவிடவும் முடியாது. அஜெரி, குர்து, லூர், பலூச், துர்க்மன் எல்லாரும் அங்கே உண்டு, குஜெஸ்தான் மாகாணத்தில் உண்மையிலேயே அரேபியர்களும் இருக்கிறார்கள். யூதர்களுக்கும் ஆர்மீனியர்களுக்கும் அசிரியர்களுக்கும் ஜரதுஷ்டிரர்களுக்கும் நாடாளுமன்றத்தில் ஒதுக்கப்பட்ட இடங்கள் இருக்கின்றன. பஹாய் மதத்தவருக்கு மட்டும் அந்த அங்கீகாரமே கிடையாது.

வருடக் கணக்கு பலரையும் குழப்பும். ஈரானின் சூரிய நாட்காட்டிப்படி 1979 புரட்சி நடந்தது 1357-இல், அதனால் அவர்கள் பேச்சில் அது "57 புரட்சி". "தஹே ஷஸ்தி", அதாவது அறுபதுகளில் பிறந்தவர் என்று ஒருவர் தன்னைச் சொன்னால் நம் 1960-களை நினைக்கக் கூடாது. அது 1980-கள், ஈராக் போரின் அபாயச் சங்குக்கும் ரேஷன் கூப்பனுக்கும் நடுவில் வளர்ந்த தலைமுறை. 2022-இல் பள்ளிச் சீருடையோடு தெருவில் நின்றவர்கள் "தஹே ஹஷ்தாதி", 2001-க்குப் பிறகு பிறந்தவர்கள். ஏன் 57-இல் இதைச் செய்தீர்கள் என்று தாத்தா பாட்டியிடம் பேரப்பிள்ளைகள் சாப்பாட்டு நேரத்தில் கேட்கும் கேள்வி அங்கே பல வீடுகளில் உண்டு.

அரசை எதிர்ப்பவர்கள் எல்லாரும் மதத்தையும் எதிர்ப்பவர்கள் என்று கணக்குப் போடாதீர்கள். முஹர்ரம் நாட்களில் நேர்ச்சையாகத் தெருவில் பெரிய அண்டா வைத்து ஷொலே ஜர்த் காய்ச்சுவார்கள். குங்குமப்பூவும் பன்னீரும் சேர்த்த மஞ்சள் அரிசிப் பாயசம் அது. கிண்ணத்தில் ஊற்றி ஆறவிட்டு, மேலே பட்டைத் தூளால் "யா ஹுசைன்" என்று எழுதி அக்கம்பக்கத்துக்குக் கொடுப்பார்கள். அண்டாவைக் கிண்டி மனதுக்குள் வேண்டிக்கொள்ள வரிசையில் நிற்பவர்களில் முக்காடே போடாத பெண்ணும் இருப்பாள். அதே குடும்பம் இஸ்லாத்துக்கு முந்தைய நவ்ரூஸ் அன்று பச்சை முளைப்பயிர், பூண்டு, ஆப்பிள், வினிகர் என்று, பாரசீகப் பெயர் "ச"வில் தொடங்கும் ஏழு பொருள்களை அடுக்கி வைத்துப் புத்தாண்டை வரவேற்கும்.

அரசியலில் மிக ஆபத்தான தவறு ஒன்று உண்டு. அரசை வெறுக்கும் மக்கள் வெளிநாட்டுக் குண்டை வரவேற்பார்கள் என்று நினைப்பது. 1951-இல் எண்ணெயை நாட்டுடைமையாக்கிய பிரதமர் மொசாதெக்கை 1953-இல் அமெரிக்காவும் பிரிட்டனும் சேர்ந்து கவிழ்த்தது அங்கே இன்னும் ஆறாத காயம். 2025 ஜூனில் இஸ்ரேலுடன் 12 நாள் போர் நடந்தபோது, அரசுச் சிறைக்குப் போய்வந்தவர்கள்கூடக் குண்டுவீச்சை எதிர்த்துப் பேசினார்கள். இதற்கு மறுபக்கமும் உண்டு. தேர்தல் நடக்கிறதே, மக்கள் தேர்ந்தெடுத்த அரசுதானே என்று சொல்வதும் சரியில்லை. யார் போட்டியிடலாம் என்பதையே 12 பேர் கொண்ட காவலர் சபைதான் முடிவு செய்யும். 2009 அதிபர் தேர்தலுக்குப் பிறகு "என் ஓட்டு எங்கே" என்று கேட்டவர்களை அடித்து நொறுக்கினார்கள், 2024 அதிபர் தேர்தலின் முதல் சுற்றில் 40 சதவீதம் பேர்தான் வாக்குச்சாவடிக்கே போனார்கள்.

கடைசியாக, அங்கே போகிறவர்களுக்கு. ஒருவர் விலையை "ஐம்பது" என்றால் அது 50,000 தொமான், ஒரு தொமான் பத்து ரியால் என்பதால் நோட்டில் அச்சிட்டிருக்கும் ரியால் கணக்கில் 5,00,000. எந்தக் கணக்கு என்று கேட்டுவிடுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். டாக்சியிலிருந்து இறங்கும்போது டிரைவர் கையை நெஞ்சில் வைத்து "காபெல் நதாரே", உங்களுக்கு முன்னால் இதெல்லாம் ஒரு பொருட்டா, என்று பணம் வேண்டாமென்பார். நம்பி நடந்துவிடாதீர்கள், அது தாரோஃப் என்கிற மரியாதை. நீங்கள் நீட்ட வேண்டும், அவர் மறுக்க வேண்டும், மறுபடி நீட்ட வேண்டும். இரண்டாவதோ மூன்றாவதோ முறை வாங்கிக்கொண்டு, பிரெஞ்சிலிருந்து வந்து அங்கேயே தங்கிவிட்ட "மெர்சி"யைத்தான் பெரும்பாலும் நன்றியாகச் சொல்வார்.