டெல்லியில் தனியாளாக ஹாஸ்டல் எடுப்பவர்கள் செய்யும் தவறுகள்

டெல்லிக்குத் தனியாகக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் ஹாஸ்டல் தேடுவது இப்படித்தான்: ஆப்பைத் திறந்து விலை குறைந்ததை மேலே கொண்டுவருவார்கள், மதிப்பெண் 8க்கு மேல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள், மொட்டை மாடியில் நாலு பேர் கிடாரோடு உட்கார்ந்திருக்கும் படம் பிடித்துப்போனால் பணம் கட்டிவிடுவார்கள். டெல்லியில் எந்த இடத்தில், எத்தனை மணிக்கு இறங்கப் போகிறோம் என்ற கேள்வி இதில் எங்கேயுமே வருவதில்லை. கூட ஒருவர் இருந்தால் அவர் பெட்டியைப் பார்த்துக்கொள்ள, நீங்கள் போய் வேறு இடம் விசாரித்துவிட்டு வரலாம். தனியாளுக்கு அது முடியாது. முதுகில் 12 கிலோ பையோடு, சார்ஜ் தீரப்போகும் போனோடு, ஊர் தெரியாத நேரத்தில் எடுக்கும் முடிவுகளில்தான் பணமும் நிம்மதியும் போகின்றன. அதனால் தேடலை விலையிலிருந்து தொடங்காதீர்கள். இறங்கும் இடத்திலிருந்தும் நேரத்திலிருந்தும் தொடங்குங்கள்.

எங்கே இறங்குகிறீர்கள்?

தமிழ்நாட்டிலிருந்து போகும் எல்லா ரயிலும் ஒரே நிலையத்துக்குப் போவதில்லை. சென்னையிலிருந்து கிளம்பும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் புதுடெல்லி நிலையத்துக்குப் போகிறது. மதுரையிலிருந்து கிளம்பும் சம்பர்க் கிராந்தியும் கன்னியாகுமரியிலிருந்து கிளம்பும் திருக்குறள் எக்ஸ்பிரஸும் ஹஸ்ரத் நிஜாமுதீனோடு நின்றுவிடும். ‘ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில்’ என்று புதுடெல்லி நிலையத்தை ஒட்டிய பஹார்கஞ்சில் அறை போட்டுவிட்டு நிஜாமுதீனில் இறங்கினால், பக்கம் என்று நினைத்தது ஊரின் வேறு மூலையில் இருக்கும்.

புதுடெல்லி நிலையத்துக்கும் இரண்டு வாசல் உண்டு. 1ஆம் பிளாட்பாரப் பக்கம் பஹார்கஞ்ச். 16ஆம் பிளாட்பாரப் பக்கம் அஜ்மேரி கேட். மெட்ரோவின் மஞ்சள் வழித்தடமும் ஏர்போர்ட் எக்ஸ்பிரஸும் அஜ்மேரி கேட் பக்கம்தான் இருக்கின்றன. எந்தப் பக்கம் வெளியேற வேண்டும் என்பதை ரயிலில் இருக்கும்போதே தீர்மானித்துவிடுங்கள். தவறான வாசலில் இறங்கி விழித்துக்கொண்டு நிற்பவரைத்தான் தரகர்கள் தேடி வருவார்கள். “அந்த ஹோட்டல் மூடிட்டாங்க”, “அந்தத் தெருவுல இன்னைக்கு உள்ளே விட மாட்டாங்க”, “உங்க புக்கிங் கேன்சல் ஆயிடுச்சு, நான் போன் போட்டுத் தர்றேன்” என்பதெல்லாம் அங்கே பல ஆண்டுகளாகக் கேட்கும் பேச்சு. அவர்கள் போட்டுத் தரும் போனில் பேசுவது ஹாஸ்டல்காரர் அல்ல, இன்னொரு தரகர். உங்கள் போனிலிருந்து, நீங்கள் முன்பே சேமித்துவைத்த எண்ணுக்குப் பேசுங்கள். ஆப்பில் உள்ள எண்ணும் கூகுள் மேப்பில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று ஊரிலிருந்தே ஒருமுறை கூப்பிட்டுப் பார்த்துவிடுவது நல்லது.

விமானத்தில் போகிறவர்களுக்கும் இதே சிக்கல் உண்டு. ஏர்போர்ட் எக்ஸ்பிரஸ் நிற்பது டெர்மினல் 3 பக்கம். டெர்மினல் 1 தனியாக, மெஜந்தா வழித்தடத்தில் இருக்கிறது. டெர்மினல் 1ல் இறங்கி, அதே வழித்தடத்தில் தெற்கு டெல்லியில் உள்ள ஹௌஸ் காஸ் பக்கம் தங்குகிறவருக்கு ரயில் மாற வேண்டிய வேலையே இல்லை. அதே ஆள் பஹார்கஞ்சில் தங்கினால் நடுவில் மாற வேண்டும். டிக்கெட்டில் டெர்மினல் எண்ணைப் பார்க்காமல் ஹாஸ்டல் எடுப்பவர்கள் இதைப் பெட்டியை இழுத்துக்கொண்டு நிற்கும்போதுதான் தெரிந்துகொள்கிறார்கள்.

மெட்ரோவின் கடைசி ரயில் பெரும்பாலான நிலையங்களில் இரவு 11 மணியை ஒட்டிப் போய்விடும். உங்கள் விமானம் பத்தரைக்கு இறங்குகிறது என்றால் மெட்ரோ இல்லை என்றே வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள்.

தேதிக் குழப்பம்

விமானம் 15ஆம் தேதி அதிகாலை 1 மணிக்கு இறங்குகிறது. எந்தத் தேதிக்குப் படுக்கை போட வேண்டும்? 14ஆம் தேதி இரவுக்கு. 15 என்று போட்டால் உங்கள் படுக்கை 15ஆம் தேதி மதியம்தான் தயாராகும். நள்ளிரவில் போய் நின்றால் இடம் இருந்தால் தருவார்கள், இன்னொரு இரவுக்கான காசோடு. சரியாக 14 என்று போட்டவர்களுக்கும் ஓர் ஆபத்து உண்டு. தாமதமாக வருவதைச் சொல்லாவிட்டால், இரவு பத்து பதினொரு மணிக்கு ‘வரவில்லை’ என்று குறித்து, படுக்கையை வேறொருவருக்குக் கொடுத்துவிடும் இடங்கள் இருக்கின்றன. “14ஆம் தேதி புக்கிங், ஆனால் நள்ளிரவு தாண்டி 2 மணி வாக்கில் வருவேன்” என்று வாட்ஸ்அப்பில் எழுதி, பதிலையும் வாங்கிவையுங்கள். போனில் சொன்னது பகல் ஷிஃப்டில் இருந்தவரோடு போய்விடும். எழுதியது இரவு ஷிஃப்ட் ஆளுக்கும் காட்ட முடியும்.

காலையில் வரும் ரயிலுக்குச் சிக்கல் வேறு. தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் மூன்றாம் நாள் காலையில் போய்ச் சேரும். ஹாஸ்டலில் செக்-இன் 12 மணிக்கோ 2 மணிக்கோ. இரண்டு இரவு ரயிலில் கழித்துவிட்டு வருகிறவர், குளிக்கக்கூட முடியாமல் ஆறு மணி நேரம் எங்கே இருப்பார்? சில இடங்களில் பையை வைக்கவும் பொதுக் குளியலறையைப் பயன்படுத்தவும் விடுவார்கள், சில இடங்களில் அதற்குத் தனிக் கட்டணம், சில இடங்களில் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். இதைக் கேட்காமல் போகாதீர்கள். டிசம்பர், ஜனவரியில் பனிமூட்டத்தால் ரயில்கள் பல மணி நேரம் தாமதமாகும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். காலையில் வர வேண்டியவர் இரவில் இறங்கினால் என்ன ஆகும் என்று யோசித்து, இரவு முழுக்க ரிசப்ஷனில் ஆள் இருக்கும் இடமாகப் பார்ப்பதே சரி.

ஏரியா

பஹார்கஞ்சை ஒதுக்கித் தள்ளத் தேவையில்லை. விலை குறைவு, சாப்பாடு மலிவு, நிலையம் நடக்கும் தூரம். பகலில் வந்து, அதிகாலை ரயிலுக்குக் கிளம்புகிறவருக்கு அதைவிட வசதி கிடையாது. ஆனால் மெயின் பஜாரிலிருந்து உள்ளே பிரியும் சந்துக்குள் இருக்கும் இடத்தை, இரவு பத்து மணிக்கு மேல் முதல்முறையாகத் தேடிப் போவது வேறு விஷயம். முதல் தடவை டெல்லி பார்க்கிறவர்கள், குறிப்பாகத் தனியாகப் போகும் பெண்கள், முதல் இரண்டு இரவுக்காவது தெற்கு டெல்லியில் மஞ்சள் அல்லது மெஜந்தா வழித்தட நிலையத்திலிருந்து ஐந்து, ஆறு நிமிட நடைக்குள் ஓர் இடம் எடுப்பதே நல்லது. கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும். அந்தக் காசு ஆட்டோ பேரத்தில் மிச்சமாகிவிடும்.

‘விமான நிலையத்துக்குப் பக்கம்’ என்று மஹிபால்பூரில் எடுப்பது அடிக்கடி நடக்கும் தவறு. ஒரே ஓர் இரவு தூங்கிவிட்டு அடுத்த விமானம் பிடிக்கிறவருக்கு அது பொருந்தும். ஊர் பார்க்க வந்தவருக்குப் பொருந்தாது. வாசலிலேயே மெட்ரோ இல்லை, பக்கத்தில் நெடுஞ்சாலை, எங்கே போனாலும் ஆட்டோவோ டாக்ஸியோதான். அதேபோல ‘டெல்லி என்சிஆர்’ (டெல்லியும் சுற்றியுள்ள ஊர்களும் சேர்ந்த பகுதி) என்று போட்டிருந்தால் அது குர்கானாகவோ நொய்டாவாகவோ இருக்கலாம்.

இன்னொன்று: கூகுளில் வெறுமனே ‘ஹாஸ்டல்’ என்று தேடினால் ஓல்ட் ராஜிந்தர் நகர், முகர்ஜி நகர் பக்கம் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் மாத வாடகைக்குத் தங்கும் பிஜிக்கள்தான் (பேயிங் கெஸ்ட் விடுதிகள்) வரிசையாக வரும். ஓர் இரவுக்கு அங்கே இடம் தரமாட்டார்கள்.

அடையாள அட்டையால் வாசலில் நிற்பது

பான் கார்டை மட்டும் கொண்டுபோகாதீர்கள். அதில் முகவரி இல்லாததால் தங்கும் இடங்களில் ஏற்கமாட்டார்கள். ஆதார், ஓட்டுநர் உரிமம், வாக்காளர் அட்டை, பாஸ்போர்ட் இவற்றில் ஒன்று வேண்டும். நகல் எடுத்துக்கொள்ளக் கேட்டால், கடைசி நாலு இலக்கம் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதாரைக் கொடுக்கலாம்.

பலருக்கும் தெரியாத ஒன்று, உள்ளூர் முகவரி விதி. பல பேக்பேக்கர் ஹாஸ்டல்கள் அதே ஊர் முகவரி உள்ளவர்களைச் சேர்ப்பதில்லை. குர்கானில் வேலை பார்த்து, ஆதாரில் டெல்லி முகவரியை மாற்றிக்கொண்ட தமிழர் ஒருவர் வார இறுதியில் டெல்லியில் தங்கப் போனால் வாசலிலிருந்தே திரும்ப வேண்டிவரலாம், பணமும் திரும்ப வராது. வயது வரம்பு வைத்திருக்கும் இடங்களும் உண்டு. இரண்டையும் ‘விதிமுறைகள்’ என்ற பகுதியில், மிகக் கீழே எழுதியிருப்பார்கள். பணம் கட்டும் முன் அந்தப் பகுதியைக் கடைசி வரி வரை படியுங்கள்.

படுக்கையும் குளியலறையும்

எத்தனை படுக்கை டார்ம் (பலர் சேர்ந்து தங்கும் அறை) என்பதை மட்டும் பார்க்கிறார்கள். அத்தனை படுக்கைக்கு எத்தனை குளியலறை என்பதுதான் உங்கள் காலைப்பொழுதைத் தீர்மானிக்கும். ஆறேழு பேருக்கு ஒன்று என்றால் சமாளிக்கலாம். பத்து பேருக்கு ஒன்று என்றால் காலை ஏழு மணிக்கு வரிசைதான்.

குளிர்காலத்தில் இது இன்னும் மோசமாகும். கணக்குப் போட்டுப் பாருங்கள். வழக்கமான கீசர் 15 லிட்டர், 2 கிலோவாட். ஜனவரியில் பத்து டிகிரிக்கு வரும் தண்ணீரை நன்றாகச் சுட வைக்க 20 முதல் 25 நிமிடம் எடுக்கும். பச்சைத் தண்ணீர் கலந்தால் ஒன்றரை வாளி கிடைக்கும், அதாவது ஒருவருக்குத் தாராளமாக. பத்து பேர் குளிக்க அந்த ஒரு கீசருக்கு நாலு மணி நேரம் வேண்டும். “சுடுதண்ணீர் உண்டா?” என்று கேட்டால் எல்லோரும் உண்டு என்பார்கள். “எத்தனை கீசர், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை?” என்று கேளுங்கள். கோடையில் இதே கேள்வியை ஏசிக்குக் கேட்க வேண்டும். இரவில் மட்டும் ஓடும் ஏசி என்றால், மே மாதப் பகலில் அந்த அறையில் படுக்க முடியாது.

லாக்கர் உண்டு என்று போட்டிருந்தால் இரண்டு விஷயம் பாருங்கள். உங்கள் பை உள்ளே போகுமா? பல லாக்கர்கள் லேப்டாப் பை அளவுதான். கட்டிலுக்கு அடியில் இழுப்பறை மாதிரி இருப்பதே 50 லிட்டர் பைக்குப் பொருந்தும். பூட்டு உங்களுடையதா, அவர்களுடையதா? உங்களுடையது என்றால் வளைவுக் கம்பி மெல்லிய பூட்டாகக் கொண்டுபோங்கள். வீட்டு கேட்டுக்குப் போடும் தடித்த பூட்டு லாக்கர் துளையில் நுழையாது.

பெண்களுக்கான டார்ம் எடுக்கும்போது, குளியலறை அறைக்குள்ளேயே இருக்கிறதா, வெளியே எல்லோருக்கும் பொதுவா என்று கேட்க வேண்டும். டார்ம் தனி, குளியலறை மட்டும் பொது என்பது நிறைய இடங்களில் இருக்கிறது. ராத்திரி இரண்டு மணிக்கு வராந்தா முழுக்க நடந்துபோக வேண்டியிருந்தால் தனி டார்முக்குக் கொடுத்த கூடுதல் காசுக்கு அர்த்தமில்லை.

ரிவ்யூ படிக்கும் முறை

சராசரி மதிப்பெண் பல வருடக் கணக்கு. நிர்வாகம் மாறி ஆறு மாதம் ஆகியிருந்தால் அது அதில் தெரியாது. ‘புதியவை முதலில்’ என்று மாற்றி, கடைசி மூன்று மாதத்தை மட்டும் படியுங்கள். பத்துக்குப் பத்தையும் ஒன்றையும் விட்டுவிட்டு, 6, 7 கொடுத்தவர்களைத் தேடுங்கள். என்ன நன்றாக இருந்தது, எது இல்லை என்று நிதானமாக எழுதுகிறவர்கள் அவர்கள்தான். ஹாஸ்டல் புக் செய்யும் தளமான ஹாஸ்டல்வேர்ல்டில் பாதுகாப்பு, சுத்தம் என்று தனித்தனி மதிப்பெண் இருக்கும். மொத்தம் 9 வாங்கி, பாதுகாப்பில் மட்டும் சரிந்திருக்கும் இடத்தைத் தனியாள் எடுக்கக் கூடாது. புக்கிங்.காமில் தனியாக வந்தவர்களின் ரிவ்யூவை மட்டும் பிரித்துப் பார்க்கும் வசதி உண்டு.

கூகுள் மேப்பில் விருந்தினர்கள் போட்ட படங்களைப் பாருங்கள். அங்கேதான் குளியலறைக் கதவின் தாழ்ப்பாளும், ஜன்னல் இல்லாத பேஸ்மென்ட் அறையும் தெரியும். ‘மூட்டைப்பூச்சி’ என்று ஒரே மாதத்தில் இரண்டு பேர் எழுதியிருந்தால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள்.

முதல் பத்து நிமிடம்

ஐந்து இரவுக்கு ஒரேயடியாகப் பணம் கட்டாதீர்கள். இரண்டு இரவு போதும், பிடித்திருந்தால் நீட்டிக்கலாம். திருவிழா, நீண்ட வார இறுதி தவிர மற்ற நாட்களில் இடம் கிடைத்துவிடும்.

உள்ளே போனதும் பையைக் கட்டிலில் வைக்காமல், தரையில் ஓரமாக வையுங்கள். போன் டார்ச்சை அடித்து மெத்தையின் தையல் மடிப்பையும் கட்டில் இரும்பு சேரும் மூலைகளையும் பாருங்கள். பேனா முனையால் வைத்ததுபோல் கறுப்புப் புள்ளிகள் கூட்டமாக இருந்தால் அது மூட்டைப்பூச்சியின் எச்சம். பெட்ஷீட்டை மாற்றிப் பயனில்லை, அறையையே மாற்றச் சொல்லுங்கள். ப்ளக் பாயின்ட்டில் சார்ஜரைச் செருகிப் பாருங்கள், லாக்கரைப் பூட்டித் திறந்து பாருங்கள்.

பிறகு வெளியே வந்து இரண்டாவது படிக்கட்டு எங்கே என்று தேடுங்கள். 2019 பிப்ரவரியில் கரோல் பாக்கில் ஒரு ஹோட்டலில் விடியற்காலையில் பிடித்த தீயில் 17 பேர் இறந்துபோனார்கள், எல்லோரும் தூங்கும் நேரம் அது. குறுகிய கட்டடங்களை ஹாஸ்டலாக மாற்றும்போது பின்பக்கப் படியைப் பூட்டிவைப்பதும், அங்கே பழைய மெத்தைகளை அடுக்குவதும் நடக்கிறது. மாடிப் படி ஒன்றே ஒன்றுதான் என்றால் மேல் மாடிப் படுக்கையை ஏற்காதீர்கள், கீழ்த்தளத்தில் கேளுங்கள். அங்கும் இடம் இல்லையென்றால், பணத்தைத் திருப்பிக் கேட்டு, பையைப் பிரிக்கும் முன்பே பேசுங்கள். இரவு தூங்கி எழுந்த பிறகு கேட்டால் யாரும் பணத்தைத் திருப்பித் தரமாட்டார்கள். வந்த அரை மணி நேரத்துக்குள் படம் எடுத்து ஆப்பின் வாடிக்கையாளர் சேவைக்கு அனுப்பினால் பணம் கிடைக்க வாய்ப்பு உண்டு. இப்படி வெளியேற வேண்டிவந்தால் உடனே போக, பக்கத்தில் இரண்டாவது ஹாஸ்டல் ஒன்றின் பெயரையும் எண்ணையும், இணையம் இல்லாமலும் திறக்கும்படி, போனில் முன்பே சேமித்துவையுங்கள்.