சீராக ஓடும் பஸ்ஸின் மேல் நிகர விசை எவ்வளவு? வீட்டிலேயே செய்து பாருங்கள்

புதுச்சேரியிலிருந்து கடலூர் வரும் பஸ் ஒன்று, கிருமாம்பாக்கம் தாண்டி நேரான சாலையில் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் கூடாமல் குறையாமல் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் மேல் நிகர விசை, அதாவது எல்லா விசைகளையும் திசை பார்த்துக் கூட்டிக் கழித்தபின் மிஞ்சும் விசை, எவ்வளவு? "முன்பக்கம் கொஞ்சமாவது அதிகம் இருக்கணுமே, இல்லாட்டி எப்படி ஓடும்?" என்றுதான் பிள்ளைகள் பலரும் கேட்பார்கள். விடை பூஜ்ஜியம். இதை மனப்பாடம் செய்ய வேண்டாம், தரையில் ஒரு பெட்டியை இழுத்தாலே தெரிந்துவிடும்.

தேவையானவை: ஒரு அட்டைப்பெட்டி, அதற்குள் வைக்க 5 கிலோ அரிசிப் பை, கயிறு, ஒரு சுருள்வில் தராசு. தராசில் கிலோ அளவு மட்டும் இருந்தால், காட்டும் எண்ணை 9.8 ஆல் பெருக்குங்கள். நியூட்டனில் விசை கிடைத்துவிடும்.

முதல் படி. பெட்டியில் கயிற்றைக் கட்டி, அதைத் தராசின் கொக்கியில் மாட்டி, தரைக்கு இணையாக மெதுவாக இழுங்கள். பெட்டி அசையாது, ஆனால் முள் ஏறும். நீங்கள் இழுப்பதும் தரையின் உராய்வும் சமமாக இருக்கின்றன.

இரண்டாம் படி. இன்னும் கொஞ்சம் இழுத்தால் பெட்டி சட்டென்று நகரும். நகர்ந்ததும் முள் சற்று இறங்கும். இப்போது சீரான வேகத்தில் இழுத்துக்கொண்டே முள்ளைப் பாருங்கள். தரைக்குத் தரை எண் மாறும். கணக்குக்கு 20 நியூட்டன் என்போம்.

மூன்றாம் படிதான் முக்கியம், அவசரப்படாமல் செய்யுங்கள். வேகத்தைக் கூட்டி, அந்த வேகத்தையும் சீராக வைத்துக்கொள்ளுங்கள். முள் ஏறக்குறைய அதே 20 இல்தான் நிற்கும்! வேகமாகப் போகிற பெட்டிக்கும் அதே இழுப்பு போதும். இழுப்பு 20, உராய்வு 20, நிகரம் பூஜ்ஜியம். பெட்டி ஓடிக்கொண்டே இருக்கிறது. கூடுதல் விசை தேவைப்பட்டது வேகம் மாறிய அந்தச் சில நொடிகளுக்கு மட்டும்தான்.

நான்காம் படி. இழுப்பை 30 ஆக்கினால் நிகரம் 10 நியூட்டன். அதை நிறை 5 கிலோவால் வகுத்தால் 2. அதாவது ஒவ்வொரு நொடியும் வேகம் நொடிக்கு 2 மீட்டர் கூடும். விசை வேகத்தைத் தருவதில்லை, வேகத்தை மாற்றுகிறது. 1687 இல் நியூட்டன் வெளியிட்ட முதல் விதியும் இதுதான்.

சரி, பஸ்ஸுக்கு வருவோம். ஓட்டுநர் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்காதது ஏன்? காற்றும் சாலையும் பின்னுக்கு இழுக்கின்றன, அதை ஈடுகட்டத்தான். வளைவில் அதே 50 இல் திரும்பினாலும் திசைவேகம் மாறிவிடும், ஏனென்றால் திசையும் அதில் சேர்த்தி. அங்கே நிகர விசை பூஜ்ஜியம் அல்ல, வளைவின் உட்பக்கம் நோக்கி இருக்கும்.

பயிற்சிக்கு ஒன்று. கடலூர் முதுநகர் துறைமுகத்திலிருந்து ஒரு ஃபைபர் படகு கிளம்பி, சீரான வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறது. எடை, மிதப்பு விசை, இன்ஜின் உந்துவிசை, நீரின் எதிர்ப்பு ஆகிய நான்கையும் அம்புக்குறியாக வரையுங்கள். அப்புறம் இன்ஜினை முடுக்கினால் என்ன ஆகும்? உந்துவிசை மிஞ்சும், வேகம் கூடும். ஆனால் தரை உராய்வைப் போல இல்லாமல், நீரின் எதிர்ப்பு வேகத்தோடு ஏறும். அது உந்துவிசையை எட்டிப் பிடித்ததும் முடுக்கம் நின்றுவிடும். படகு முன்பைவிட அதிகமான, ஆனால் மாறாத வேகத்தில் போகும்.