கார்பன் உணரி காட்டுவதெல்லாம் டோபமின் அல்ல

நரம்புச் செல்கள் செய்தி கடத்த வெளியிடும் வேதிப்பொருளான டோபமினை மூளையில் அளக்கப் பயன்படும் கார்பன் இழை மின்முனையின் தடிமன் சுமார் 7 மைக்ரோமீட்டர்தான். அதை மூளைத் திசுவில் செருகி, மின்னழுத்தத்தை -0.4 வோல்ட்டிலிருந்து 1.3 வோல்ட் வரை நொடிக்குப் பத்து முறை வேகமாக ஏற்றி இறக்குகிறோம். அப்போது டோபமின் எலக்ட்ரான்களை இழக்கிறது. நாம் அளப்பது அதனால் எழும் மின்னோட்டத்தை மட்டுமே. இதை மறந்துவிட்டு, திரையில் மேடு எழுந்தவுடன் ‘டோபமின் வந்துவிட்டது’ என்று எழுதிவிடுவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு.

மூளைச் செல்களுக்கு இடையிலுள்ள திரவத்தில் அஸ்கார்பிக் அமிலம், அதாவது வைட்டமின் சி, டோபமினைவிட ஆயிரக்கணக்கான மடங்கு அதிகம். அதுவும் கார்பனில் ஆக்சிஜனேற்றம் அடையும், அதாவது எலக்ட்ரான்களை இழக்கும். அதனால் ஏற்றத்தில் 0.6 வோல்ட் அருகே தோன்றும் முகட்டோடு நின்றுவிடக் கூடாது, இழந்த எலக்ட்ரான்களைத் திரும்பப் பெறும்போது இறக்கத்தில் -0.2 வோல்ட் அருகே டோபமினுக்கு உரிய எதிர்முகடு வருகிறதா என்றும் பாருங்கள். அஸ்கார்பிக் அமிலம் அப்படிப் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. மின்முனைமேல் பூசும் நாஃபியான் என்ற பாலிமர் பூச்சு எதிர்மின் சுமை கொண்டது. அஸ்கார்பிக் அமிலத்தின் எதிர்மின் வடிவமான அஸ்கார்பேட்டைத் தள்ளிவிட்டு, நேர்மின் சுமையுள்ள டோபமினை இழுக்கும். ஆனால் பூச்சைத் தடிமனாக்கினால் உணரியின் வேகம் குறைந்துவிடும். இன்னொரு நரம்புக் கடத்தியான நாரட்ரீனலினை டோபமினிலிருந்து பிரித்தறியவோ இந்த வழிகள் எதுவும் உதவாது. அதன் வளைவு டோபமினுடையதைப் போலவே இருக்கும். மின்முனை மூளையின் எந்தப் பகுதியில் இருக்கிறது, குறிப்பிட்ட மருந்து கொடுத்தால் சைகை எப்படி மாறுகிறது என்பவற்றைக் கொண்டே முடிவுக்கு வர வேண்டும்.

அளவு தெரிந்த கரைசலில் உணரியைச் சோதித்துப் பார்க்கும் அளவுத்திருத்தத்தில் நேரும் தவறு கண்ணுக்கே தெரியும். நடுநிலைக் கரைசலில் டோபமினைக் கலந்து மேசையில் விட்டுவைத்தால், நேரம் ஆக ஆக அது பழுப்பாகிவிடும். அதில் இருப்பது நீங்கள் எடைபோட்ட டோபமின் அல்ல. மூலக் கரைசலை அமிலத்தில் தயாரித்து, தேவைப்படும்போது மட்டும் நீர்க்கச் செய்யுங்கள். மூளைக்குள் புரதங்கள் ஒட்டிக்கொள்வதால் உணர்திறன் குறையும். ஆகவே செருகும் முன் பெற்ற எண்ணை மட்டும் நம்பாமல், வெளியே எடுத்த பிறகும் அளந்து பாருங்கள்.

இந்த வேகத்தில் மின்முனைப் பரப்பு மின்னேற்றம் பெறுவதாலேயே எழும் பின்னணி மின்னோட்டம், டோபமின் சைகையைவிடப் பல மடங்கு பெரியது. அதைக் கழித்த பிறகு மிஞ்சுவது மாற்றம் மட்டுமே. இந்த முறையில் பெற்ற பதிவை வைத்து ‘இயல்பு நிலையில் டோபமின் இவ்வளவு’ என்று சொல்ல முடியாது. நரம்புச் செல்கள் இயங்கும்போது பிஎச் (அமில–காரத் தன்மையின் அளவு) சற்று மாறினாலும் அந்தப் பின்னணி நகர்ந்து, போலிச் சைகையை உண்டாக்கும். மின்னழுத்தத்தை எதனுடன் ஒப்பிட்டு அளக்கிறோமோ அந்த வெள்ளி–வெள்ளிக் குளோரைடு ஒப்பீட்டு மின்முனை திசுவில் நாள்பட இருந்தால் முகடுகளே இடம்பெயர்ந்துவிடும்.

மற்றொரு நரம்புக் கடத்தியான குளூட்டமேட்டை வெறும் கார்பன் இழையால் தேடுவது வீண். அது இந்த மின்னழுத்த எல்லைக்குள் கார்பனில் ஆக்சிஜனேற்றம் அடையாது. மின்முனையில் குளூட்டமேட் ஆக்சிடேஸ் நொதியைப் பூசி, அது உண்டாக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடைத்தான் அளக்க வேண்டும்.