ஐந்நூறு ரூபாயோடு முடியாத கேஸ்

போன வாரம் மும்பையில் ஒரு கோர்ட் வராந்தா. புதிதாக வந்த ஜூனியர் வக்கீல் ஒருவர் தாராவிப் பையனிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "ஒப்புக்கிட்டு ஐந்நூறு கட்டிடு, இன்னையோட தொல்லை விட்டுது." பதினைந்து வருஷத்துக்கு முன்னால் அதே வார்த்தையை நானும் சொன்னவன். வாய்தாவைத் தவறவிடாதே, ஜாமீன் நிபந்தனையை மீறாதே என்பதை யாரும் சொல்லித் தருவார்கள். ஐந்நூறோடு கேஸ் முடிவதில்லை என்பதையும், அதில் நாம் செய்யும் தவறுகளையும்தான் சொல்வதில்லை. அவை இவை.

கூலி போகுதே என்று குற்றத்தை ஒப்புக்கொள்வது

அன்று என்னிடம் வந்தவனுக்கு 21 வயது. குழாயடியில் குடம் வைக்கிற தகராறில் பக்கத்து வீட்டுக்காரரை அடித்துவிட்டான். ஐபிசி 323, அதாவது பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் வேண்டுமென்றே காயப்படுத்தியதற்கான பிரிவு. வாய்தாவுக்கு வாய்தா ஒரு நாள் கூலி போயிற்று. "எப்படியாவது முடிச்சு விடுப்பா தம்பி" என்று அவன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். ஒப்புக்கொள்ளச் சொன்னேன். ஃபைன் ரசீதை நாலாக மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டான்.

நாலு வருஷம் கழித்து மத்திய அரசு வேலை வந்தது. சரிபார்ப்புப் படிவத்தில் 'தண்டனை பெற்றதுண்டா' என்பதோடு, 'நீதிமன்றம் அபராதம் விதித்ததுண்டா' என்றும் தனியாகக் கேட்டிருந்தார்கள். ஜெயிலுக்கே போகவில்லையே என்று இரண்டுக்கும் 'இல்லை' எழுதினான். போலீஸ் பதிவில் எல்லாம் இருந்தது. வேலை போயிற்று.

அபராதமும் தண்டனைதான். நாமே ஒப்புக்கொண்டுவிட்டால், குற்றவாளி என்ற தீர்ப்பை எதிர்த்து அப்பீல் போகவும் வழியில்லை.

இன்றைக்கும் என்னால் பொறுக்க முடியாதது வேறு. அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் மனசு மாறி, அன்றைக்குக் கோர்ட் வாசலிலேயே நின்றார். 323 ராஜியாகக்கூடிய, அதாவது இரு தரப்பும் சமரசமாகி முடிக்கக்கூடிய பிரிவு. அடிபட்டவர் மாஜிஸ்டிரேட் முன் ராஜி என்று சொல்லி அது பதிவானால், சட்டப்படி விடுதலைக்குச் சமம். நான் அவரை உள்ளே கூப்பிடவே இல்லை. இப்போது ஐபிசிக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 115(2), வழி மாறவில்லை.

அந்த ஜூனியரிடம், எதிர்த்தரப்பு வந்திருக்கிறதா பாருங்கள் என்றேன். கேன்டீனில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

நன்னடத்தைச் சட்டத்தைக் கேட்காமல் விடுவது

குற்றம் நிரூபணமானாலும், 1958 நன்னடத்தைச் சட்டப்படி கண்டித்தோ, ஒழுங்காக நடப்பேன் என்று பத்திரம் எழுதி வாங்கியோ விடும்படி கேட்கலாம். அப்படி விடப்பட்டவருக்குத் தீர்ப்பால் வரும் தகுதியிழப்பு கிடையாது என்கிறது அதன் 12ஆவது பிரிவு. தண்டனை அறிவிக்கும் முன்பே கேட்டுவிடுங்கள். ஆனால் தீர்ப்பு அழிந்துவிடாது. படிவத்தில் கேட்டால் சொல்லத்தான் வேண்டும்.

படிவத்தில் மறைப்பது

வேண்டாம். இளவயதின் சில்லறை வழக்கை மறைத்திருந்தால் வேலை தரும் நிர்வாகம் பொறுத்துப்போகலாம் என்று 2016இல் அவ்தார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மை. அது நிர்வாகத்தின் விருப்பம், நம் உரிமையல்ல.

பாஸ்போர்ட்டே கிடைக்காது என்று ஒதுங்குவது

ஐந்நூறு ரூபாய் ஃபைனுக்கு அப்படி ஆகாது. ஒழுக்கக்கேடான குற்றம், இரண்டு வருஷத்துக்குக் குறையாத சிறை, அதுவும் விண்ணப்பத்துக்கு முந்தைய 5 வருஷத்துக்குள் என்றால்தான் 1967 பாஸ்போர்ட் சட்டம் பழைய தண்டனையைக் காட்டி மறுக்கும். அமெரிக்க விசா படிவம் வேறு மாதிரி: கைதானதுண்டா என்பதையே கேட்கும்.

வக்கீலுக்குக் காசில்லை என்று தனியாகப் போய் நிற்பது

15100. இலவச சட்ட உதவி எண்.