பிளந்த பம்பருக்கு எந்தப் பசை?

எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி உரசிப் பம்பர் பிளந்துவிட்டால், பலரும் முதலில் வாங்குவது ஃபெவிக்விக். ஒட்டின மாதிரி இருக்கும், நாலு வேகத்தடை தாண்டுவதற்குள் விட்டுவிடும். பசை கெட்டது இல்லை, அந்தப் பிளாஸ்டிக்கில் அது ஒட்டாது.

அதனால் பாகத்தைக் கழற்றி உள்பக்கம் பாருங்கள். எந்தப் பிளாஸ்டிக் என்று ஆங்கில எழுத்தில் அச்சாகியிருக்கும். பம்பரில் பெரும்பாலும் பிபி+இபிடிஎம்-டி20, அதாவது ரப்பர் கலந்த பாலிப்ரொப்பிலீனில் (பிபி) 20 சதவீதம் டால்க் என்ற கல்மாவு. சமையலறை டப்பா போல மெழுகுத்தன்மை உள்ளதால் பசை அதன்மேல் பரவாது. அரால்டைட் போட்டாலும் காய்ந்ததும் தகடாக உரிந்து வரும்.

எழுத்து அழிந்திருந்தால் உள்ஓரத்தில் உப்புத்தாள் போட்டுத் தேயுங்கள். மாவாக உதிர்ந்தால் ஏபிஎஸ் என்ற கெட்டிப் பிளாஸ்டிக் வகையாக இருக்கலாம். இழுபட்டு, பிசுபிசுத்து, பஞ்சு மாதிரி எழும்பினால் பிபி. தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்ப்பதை மட்டும் நம்பாதீர்கள். சுத்தமான பிபி மிதக்கும், டால்க் கலந்தது மூழ்கிவிடலாம்.

பிபி பம்பருக்கு வேண்டியது பிளாஸ்டிக் பிரைமரும் (பசை பிடிக்க முதலில் அடிக்கும் பூச்சு), இரண்டு பாகம் கலக்கும் பாலியூரித்தேன் பசையும். சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்து, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். காசிமேடு, ராயபுரம் பக்கம் ஓடும் வண்டியில் உப்புப் படலம் இருக்கும், கழுவித் துடைப்பதைத் தவிர்க்கவே கூடாது. விரிசல் முடியும் இடத்தில் 3 மி.மீ. துளை போடாவிட்டால் விரிசல் மேலும் ஓடும். உள்பக்கம் விரிசல் நெடுக 'வி' வடிவில் பள்ளம் எடுத்து, 80 நம்பர் உப்புத்தாளால் சொரசொரப்பாக்குங்கள். மெதுவாகத் தேயுங்கள், சூடேறினால் பிளாஸ்டிக் உருகி வழவழப்பாகிவிடும். பிரைமரை மெல்லிசாக அடித்து, டப்பாவில் போட்ட நேரம்வரை காயவிடுங்கள். இரண்டு பாகத்தையும் கலந்து விடும் நாசிலில் (முனைக்குழாய்) முதலில் வரும் பசை சரியாகக் கலந்திருக்காது, நிறம் ஒன்றாகும்வரை வீணாக்கிவிடுங்கள். பிறகு ஃபைபர் வலையை விரிசலுக்கு இரண்டு பக்கமும் 2 செ.மீ. தாண்டும்படி பதித்து, மேலே இன்னொரு பூச்சு. இரவு முழுக்க அசைக்கக் கூடாது.

ஈரம் பட்டால் பாலியூரித்தேன் நுரைத்து ஓட்டை விழும், மழை நாளில் தள்ளிப் போடுங்கள். மே மாத வெயிலிலோ பரப்புவதற்குள் இறுகிவிடும், நிழலில் செய்யுங்கள்.

கிரில், பக்கக் கண்ணாடியின் மூடி போன்ற ஏபிஎஸ் பாகங்கள் சுலபம். அதே பிளாஸ்டிக்கின் சீவலை அசிட்டோனில் கரைத்துக் கூழாக்கிப் பூசினால் ஒன்றோடொன்று உருகிச் சேரும். நன்றாகப் பொருந்தும் சின்ன முறிவுக்கு ஃபெவிக்விக் போதும். ஆனால் அதிர்வில் நொறுங்கும், சுற்றிலும் வெள்ளை பூக்கும்.

ஹெட்லைட்டின் முன்கண்ணாடி பாலிகார்பனேட். அசிட்டோன் பட்டால் மங்கி, மயிரிழை விரிசல் விடும். ரேடியேட்டரின் நைலான் தொட்டியை எதைக் கொண்டும் ஒட்டாதீர்கள். 100 டிகிரியை ஒட்டிய சூட்டோடு அழுத்தமும் சேர்ந்து நடுவழியில் பிளந்தால் எஞ்சினே போய்விடும். மாற்றித்தான் ஆகவேண்டும்.