செட்டில்மென்ட் எழுதும் முன்: மூத்தோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"பையன் பேருக்கு எழுதிக் கொடுத்துவிட்டால் கடைசிவரை பார்த்துக்கொள்வான்." இந்த நம்பிக்கையில் வீட்டை செட்டில்மென்டாக, அதாவது உயிரோடு இருக்கும்போதே பணம் வாங்காமல் சொத்தை மாற்றித் தரும் பத்திரமாக, எழுதிக் கொடுப்பவர்கள் ஏராளம். எழுதிக் கொடுப்பது தவறல்ல. நிபந்தனை எதுவும் போடாமல் எழுதிக் கொடுப்பதுதான் தவறு.

பத்திர எழுத்தர்கள் வழக்கமாக எழுதும் வாசகம், "அன்பினாலும் பிரியத்தினாலும்... சர்வ சுதந்திரமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ளவும்" என்ற ரீதியில் இருக்கும். அம்மா அப்பாவைக் கவனிப்பது பற்றி அதில் ஒரு வரிகூட இருக்காது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007-ன் 23-வது பிரிவு, அடிப்படைத் தேவைகளைக் கவனிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தைத் திரும்பப் பெற வழி செய்கிறது. அந்த நிபந்தனை இருந்தே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022-ல் சொன்னது. 2025 ஜனவரியில் வேறொரு வழக்கில், இந்தச் சட்டத்தை முதியவர்களுக்குச் சாதகமாகத் தாராளமாகப் பார்க்க வேண்டும் என்றது. எந்தத் தீர்ப்பு நம் வழக்குக்குப் பொருந்தும் என்று காத்திருப்பதைவிட, பத்திரத்திலேயே எழுதிவிடுவது மேல்: "என் ஆயுள் உள்ளவரை இந்த வீட்டில் குடியிருக்க எனக்கு உரிமை உண்டு, உணவு, உடை, மருத்துவச் செலவைத் தாங்களே கவனிக்க வேண்டியது, தவறினால் இப்பத்திரத்தை ரத்து செய்ய எனக்கு உரிமை உண்டு." கையெழுத்துப் போடும் முன் பத்திரம் முழுவதையும் யாராவது வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். அவசரமில்லை என்றால் உயிலே போதும். உயிரோடு இருக்கும்வரை சொத்து உங்களுடையது, எப்போது வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம்.

பிள்ளைகள் கைவிட்டால் நேராக வக்கீலைத் தேடி ஓடுவது அடுத்த தவறு. தமிழ்நாட்டில் இதற்கான தீர்ப்பாயம் கோட்டாட்சியர், அதாவது ஆர்.டி.ஓ. தலைமையில் இயங்குகிறது. வக்கீல் இல்லாமலேயே மனு கொடுக்கலாம். நடமாட முடியாதவருக்காக அவர் அதிகாரம் அளித்த ஒருவரோ தொண்டு நிறுவனமோ கொடுக்கலாம். மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை கேட்கலாம். மகனிடம் மட்டுமே கேட்க முடியும் என்று பலர் நினைக்கிறார்கள். மகளும், வயதுக்கு வந்த பேரன் பேத்திகளும்கூடப் பொறுப்பாளிகள். பிள்ளை இல்லாதவர், தன் சொத்துக்கு வாரிசாகக்கூடிய உறவினரிடம் கேட்கலாம். மனு கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள். உத்தரவு திருப்தியில்லை என்றால் 60 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும்.

மருத்துவத்தில் பெரிய இழப்பு, அரசின் இலவச மருத்துவக் காப்பீட்டை "அதெல்லாம் ஏழைகளுக்கு" என்று விசாரிக்காமலே விடுவது. ஆயுஷ்மான் பாரத் திட்டம் 2024 அக்டோபர் முதல், 70 வயது நிறைந்தவர்களுக்கு வருமானம் பார்க்காமல் ஆண்டுக்குக் குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை விரிந்திருக்கிறது. வயதுக்கு ஆதாரம் ஆதார் அட்டைதான். பிறப்புச் சான்று இல்லாத பெரியவர்கள் பலருக்கு உத்தேசமாக ஒரு வருடம் போட்டிருப்பார்கள், அதில் வயது குறைந்திருந்தால் சலுகை தள்ளிப்போகும். பிறந்த தேதியைத் திருத்த ஒரு வாய்ப்புதான் தருகிறார்கள் என்பதால் சரியான சான்றோடு போங்கள். தனியார் காப்பீடு எடுக்கும்போது சர்க்கரை, பிரஷரை மறைக்காதீர்கள்; மறைத்தது தெரிந்தால் பணம் கேட்கும் நேரத்தில் நிராகரித்துவிடுவார்கள். படுத்த படுக்கையாக இருப்பவருக்கு மருத்துவமே கிடையாது என்று விட்டுவிடவும் வேண்டாம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரையும் பிசியோதெரபியும் வலிநிவாரணச் சிகிச்சையும் வீட்டுக்கே வரும், பகுதிச் சுகாதாரச் செவிலியரிடம் பெயர் கொடுத்தால் போதும்.

"பெற்ற பிள்ளை மேலேயே எப்படிப் புகார் கொடுப்பது?" என்று வாய் மூடி இருப்பவர்களை நினைத்தால்தான் மனம் பதறுகிறது. மூத்த குடிமக்கள் உதவி எண் 14567, கட்டணம் கிடையாது. பாதிக்கப்பட்டவர் தயங்கினால் பக்கத்து வீட்டுக்காரர் அழைத்துச் சொன்னாலும் கேட்டுக்கொள்வார்கள்.